அவர் நின்ற இடத்தில் இன்னொருவர்: ராக் குழுக்கள் பாடகரை மாற்றும்போது என்ன நடக்கிறது?

2024 செப்டம்பர் முதல் வாரம். குன்னூரில் இரண்டு நாளாக விட்டுவிட்டு மழை. கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் அண்ணன் மகன் போன் செய்தான். கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி இன்ஜினியரிங் படிக்கிறான்.

"சித்தப்பா, லிங்கின் பார்க் திரும்ப வந்துட்டாங்க."

"நல்லதுதானே?"

"என்ன நல்லது? செஸ்டர் இடத்துல ஒரு பொண்ணை நிறுத்தியிருக்காங்க. அந்தப் பேரை விட்டுட்டு வேற பேர்ல பாடட்டுமே, யாரு வேணாம்னு சொன்னா?"

லிங்கின் பார்க் என்ற அமெரிக்க ராக் குழுவின் பாடகர் செஸ்டர் பென்னிங்டன் 2017 ஜூலை 20 அன்று இறந்தபோது இவனுக்குப் பன்னிரண்டு வயது. அவர் உயிரோடு இருந்தவரை இவன் அவருடைய பாட்டு ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. கேட்க ஆரம்பித்ததே பத்தாம் வகுப்பில், கொரோனாவுக்குப் பள்ளிக்கூடம் மூடிக்கிடந்தபோது. ஆனாலும் தாத்தாவின் சாய்வு நாற்காலியில் முன்பின் தெரியாத ஆள் கால் நீட்டிப் படுத்திருப்பதைப் பார்த்த மாதிரி ஒரு கோபம் அவன் பேச்சில் இருந்தது. அந்தக் கோபத்துக்கு நியாயம் உண்டா, பாடகரை இழந்த குழுக்கள் என்னென்ன செய்து பார்த்திருக்கின்றன, எது எடுபட்டது என்பதெல்லாம் ஒரு போன் பேச்சில் அடங்குகிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு இதில் இருக்கும் தகுதி சின்னது. பகலில் ஜெராக்ஸ் கடை. கோயில் திருவிழா, கல்யாணம், மே மாதக் கோடை விழா என்றால் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. ராக் இசை எனக்கு வந்தது லவ்டேல் பக்கம் போர்டிங் ஸ்கூலில் படித்த பையன்கள் விட்டுப்போன கேசட்டுகளில். மேலட்டை இருக்காது, யார் பாடியது என்றே தெரியாமல் வருஷக்கணக்கில் கேட்டிருக்கிறேன். பிறகு பார்த்தால், ஒரே ஆள் என்று நான் நினைத்த குரல் இரண்டு பேருடையதாக இருக்கும். அங்கிருந்துதான் இந்த விஷயத்தில் ஆர்வம்.

லிங்கின் பார்க் திரும்ப வருவதைச் சொன்ன அந்த செப்டம்பர் 5 அறிவிப்பில் இரண்டு புதியவர்கள் இருந்தார்கள். ஒருவர் டெட் சாரா என்ற குழுவின் பாடகி எமிலி ஆம்ஸ்ட்ராங். இன்னொருவர் டிரம்மர் காலின் பிரிட்டன். ஆரம்பத்திலிருந்து வாசித்த ராப் போர்டன் விலகிய இடத்துக்கு வந்தவர். என் அண்ணன் மகன் டிரம்மரைப் பற்றி மூச்சே விடவில்லை. ஊர் உலகத்திலும் பெரிதாக யாரும் விடவில்லை. சண்டை முழுக்கப் பாடகியைப் பற்றித்தான்.

காரணத்தில் பாதி உடம்பு சம்பந்தப்பட்டது. கிட்டாரைக் கடையில் வாங்கலாம், அதே மாடலை இன்னொருவரும் வாங்கலாம். குரலுக்கு அந்த வசதி கிடையாது. தொண்டையின் நீளம், வாய்க்குள்ளே இருக்கிற இடம், மூக்கு, பல்வரிசை எல்லாம் சேர்ந்துதான் ஒருவருடைய தொனி. சுருதியைச் சாதகம் பண்ணிப் பிடிக்கலாம், கமகத்தைக்கூடப் பிடிக்கலாம், தொனிக்குப் பக்கத்தில் போய் நிற்கலாம், அவ்வளவுதான். கூடவே ஒரு வாத்தியத்தாலும் முடியாத ஒன்றைக் குரல் செய்கிறது. அது சொல்லை உச்சரிக்கிறது. "நான்" என்று சொல்கிறது. கேட்கிறவர் உடனே, எந்த நான் என்று முகத்தைத் தேடுகிறார்.

இந்த இடத்தில்தான் தமிழ்க் காதுக்கும் ராக் ரசிகனின் காதுக்கும் வித்தியாசம். நாம் சினிமாப் பாட்டில் வளர்ந்தவர்கள். திரையில் வாயசைப்பது ஒருவர், பாடுவது ஒருவர், எழுதியது மூன்றாவது ஆள், மெட்டுப் போட்டது நான்காவது ஆள். சிவாஜியின் குரல் என்றால் நமக்கு டி.எம்.எஸ். ஆனால் 1952-ல் சிவாஜியின் முதல் படமான பராசக்தியில் அவருக்குப் பாடியது சி.எஸ்.ஜெயராமன். டி.எம்.எஸ். சிவாஜிக்காகப் பாட வந்தது 1954-ல், தூக்குத் தூக்கியில். எம்.ஜி.ஆருக்கும் அதற்கு முன் வேறு வேறு குரல்கள் இருந்தன, 1969-லிருந்து எஸ்.பி.பி.யும் பாடினார். யாரும் தெருவில் இறங்கவில்லை. 'நான்' என்று பாட்டில் வருவது திரையில் தெரிகிற முகத்துக்குச் சொந்தம், குரல் அதற்குக் கடன் கொடுக்கப்பட்டது என்று நாம் மனசுக்குள் ஓர் ஒப்பந்தம் வைத்திருக்கிறோம்.

மெல்லிசைக் குழு என்பதே அந்த ஒப்பந்தத்தின் மேல் எழுந்த தொழில். எங்கள் நோட்டீஸில் பாடகர் பெயருக்குப் பக்கத்தில் "டி.எம்.எஸ். குரல்", "ஜேசுதாஸ் குரல்" என்று போட்டால்தான் கமிட்டிக்காரர்கள் அட்வான்ஸ் தருவார்கள். அசலைப் போலவே இருப்பது அங்கே பெருமை.

ராக் குழுவில் இந்த ஒப்பந்தம் செல்லாது. மைக்கின் முன்னால் நிற்பவர்தான் முகம், பெரும்பாலும் வரிகளும் அவருடையவை. வலி அவருடைய வலி என்று நம்பித்தான் ரசிகன் அதைத் தன் வலியாக எடுத்துக்கொள்கிறான். பென்னிங்டன் தன் சிறுவயதுத் துன்பங்களையும் போதைப் பழக்கத்தையும் வெளிப்படையாகப் பேசியவர். அந்தக் கத்தலை இன்னொருவர் கத்தினால், சினிமாவில் குரல் மாறுவது போல இல்லை. ஒருவருடைய டைரியை இன்னொருவர் சத்தமாகப் படிப்பது போல இருக்கிறது. அண்ணன் மகனின் கோபத்தில் நியாயம் உண்டு என்று நான் ஒத்துக்கொள்கிற இடம் இது.

ஒத்துக்கொள்ளாத இடம் அடுத்து வருகிறது.

பென்னிங்டனே இரண்டாவது ஆள். லிங்கின் பார்க் அந்தப் பெயரை எடுப்பதற்கு முன் ஸீரோ என்ற பெயரில் இருந்தது. அப்போது பாடியவர் மார்க் வேக்ஃபீல்ட். அவர் விலகிய பிறகு, 1999-ல் அரிசோனாவிலிருந்து வந்தவர் பென்னிங்டன். தன் பிறந்தநாள் விருந்தைப் பாதியில் விட்டுப் போய்ப் பாடிப் பதிவு செய்து அனுப்பி வாய்ப்பு வாங்கினார் என்பது ரசிகர்கள் எல்லோரும் சொல்லும் கதை. முதல் ஆல்பம் வெளிவந்தது அதற்கு அடுத்த வருஷம். ஆகவே உலகம் கேட்ட முதல் குரல் பென்னிங்டனுடையது, குழுவின் முதல் குரல் அவருடையது இல்லை.

இது ஏதோ ஒரு குழுவுக்கு மட்டும் நேர்ந்த விபத்து என்று நினைத்துத்தான் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட அப்படிப்பட்ட ராக் குழுக்கள் மடமடவென்று வந்து விழுந்தன. ஏசி/டிசியின் பான் ஸ்காட் 1974-ல் டேவ் எவன்ஸ் இடத்துக்கு வந்தவர். டீப் பர்ப்பிளின் இயன் கிலன் 1969-ல் ராட் எவன்ஸ் இடத்துக்கு. ஜூடாஸ் பிரீஸ்ட்டின் ராப் ஹால்ஃபோர்ட், ஆல் அட்கின்ஸ் இடத்துக்கு. அயர்ன் மெய்டனின் புரூஸ் டிக்கின்சன் 1981-ல் பால் டியானோ இடத்துக்கு வந்தார். டியானோவே முதல் ஆள் இல்லை. ஜர்னியின் ஸ்டீவ் பெர்ரி 1977-ல் வந்தபோது அந்தக் குழு மூன்று ஆல்பம் போட்டிருந்தது. "இவர் இடத்தில் இன்னொருவரா?" என்று ரசிகர்கள் துடித்த ஒவ்வொருவரும் இன்னொருவர் இடத்தில் வந்து நின்றவர்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது குயின் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் கதை. மலைக்காரர்களுக்கு அதில் ஒரு தனி உரிமையும் உண்டு. சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் ஃபரூக் புல்சாரா என்ற பெயரில் பிறந்த அந்தப் பையனை மகாராஷ்டிராவில் பஞ்சகனி மலையிலுள்ள செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருக்கிற அதே மாதிரிப் பள்ளி. வெளிநாட்டிலிருக்கும் பெற்றோர், கப்பல் பயணம், பனி மூடிய விடுதி, ஹாலில் ஒரு பழைய பியானோ. அங்கே பையன்கள் சேர்ந்து ஹெக்டிக்ஸ் என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். அதில் மெர்குரி பியானோ. முன்னால் நின்று பாடியது வேறொரு பையன். இதை முதன்முதலில் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நூறாயிரம் பேர் கூடிய மைதானங்களை ஒற்றைக் குரலால் ஆட்டி வைத்த மனிதர், தன் முதல் குழுவில் என்னைப் போல ஓரத்தில் உட்கார்ந்து கட்டைகளை அழுத்திக்கொண்டிருந்தார்.

பிறகு லண்டன். பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் ஸ்மைல் என்ற குழுவில் இருந்தார்கள். அதன் பாடகர் டிம் ஸ்டாஃபெல், மெர்குரியின் கல்லூரி நண்பர். 1970-ல் ஸ்டாஃபெல் விலகினார், மெர்குரி உள்ளே வந்தார், பெயரையும் குயின் என்று மாற்றினார். குயின் என்ற குழு பிறந்ததே ஒரு பாடகர் போன இடத்தில்தான்.

அப்படியானால் 'அசல்' என்று ரசிகன் சொல்வது வரலாற்றில் முதல் ஆளை இல்லை. அவன் காதில் முதலில் விழுந்த ஆளை. எங்கள் ஊரில் எழுபது வயதுக்காரர் ஒருவர் சிவாஜிக்கு டி.எம்.எஸ். குரல் பொருந்தவே இல்லை என்று தன் தகப்பனார் கடைசிவரை முணுமுணுத்ததைச் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஜெயராமன்தான் அசல்.

சரி, மாற்றம் எப்போது எடுபடுகிறது? எல்லோரும் முதலில் சொல்வது ஏசி/டிசி. சொல்லட்டும், அது சொல்லத் தகுந்த கதைதான். 1980 பிப்ரவரி 19 அன்று லண்டனில் பான் ஸ்காட் இறந்தார், வயது 33. அதற்கு முந்தைய வருஷம் வந்த ஆல்பம்தான் அவர்களை அமெரிக்காவில் தூக்கிவிட்டிருந்தது. குழுவைக் கலைத்துவிடலாமா என்று யோசித்தார்கள். யங் சகோதரர்கள் இரண்டு பேரும் கிட்டார். மெட்டு அவர்களிடமிருந்துதான் பிறந்தது. ஆக, இழந்தது குரலையும் சொல்லையும். எலும்புக்கூடு அப்படியே இருந்தது. நியூகாசிலிலிருந்து பிரையன் ஜான்சனைக் கூட்டிவந்தார்கள். ஜோர்டி என்ற குழுவில் பாடியவர், அது படுத்துவிட்ட பிறகு காருக்கு வினைல் கூரை ஒட்டும் வேலை செய்துகொண்டிருந்தார். பல வருஷம் முன்பு ஸ்காட்டே இவர் பாடுவதைப் பார்த்து, மேடையில் உருண்டு புரண்டு கத்துகிறான் ஒருத்தன் என்று நண்பர்களிடம் மெச்சியிருந்தாராம். ஜான்சன் அன்றைக்கு உருண்டது வயிற்று வலியில் என்று ஒரு வால் இந்தக் கதைக்கு உண்டு.

ஏப்ரலில் பஹாமாஸ் தீவில் பதிவு தொடங்கியது. ஜூலை 25 ஆல்பம் கடைக்கு வந்துவிட்டது. ஸ்காட் இறந்து ஐந்து மாதம், ஒரு வாரம். அட்டை முழுக்கக் கறுப்பு. ஆல்பம் ஒரு சாவு மணியோடு தொடங்குகிறது. பிறகு அது உலகத்தில் மிக அதிகமாக விற்ற ஆல்பங்களில் ஒன்றானது, ஐந்து கோடிப் பிரதிகள் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

வேகம்தான் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: வரிகளை ஜான்சன் எழுத வேண்டியிருந்தது. பழைய பாட்டுகளில் ஸ்காட்டின் 'நான்' இருந்தது, இந்தப் பத்துப் பாட்டிலும் இருந்தது ஜான்சனின் 'நான்'. மேடையில் அவர் ஸ்காட்டின் பாட்டைப் பாடும்போது அது இரவல் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் கையில் சொந்தச் சொத்தும் இருந்தது. கூடவே, துக்கத்தை மறைக்கவில்லை. கறுப்பு அட்டையும் மணியும் போட்டு, எங்கள் வீட்டில் சாவு விழுந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள். நம் ஊரிலும் பதினாறாம் நாள் முடிந்தால்தானே மற்றதைப் பேசுவோம். காரியத்தைச் செய்துவிட்டால் அடுத்த வேலையை யாரும் குறை சொல்வதில்லை.

ஆனால் புதுப்பாட்டு எழுதினால் போதும் என்று இதை ஒரு மருந்துச் சீட்டாக எழுதிக் கொடுத்துவிட முடியாது. மெர்குரி 1991 நவம்பர் 24-ல் இறந்தார். அடுத்த ஏப்ரலில் வெம்ப்ளி மைதானத்தில் நினைவு நிகழ்ச்சி. ஜார்ஜ் மைக்கேல், எல்டன் ஜான், ஆக்சல் ரோஸ் என்று பலர் மாறி மாறிப் பாடினார்கள். ஒருவர் இடத்தை நிரப்ப அத்தனை பேர் தேவைப்பட்டார்கள். பிறகு 2004-ல் பால் ராட்ஜர்ஸ் வந்தார், ஃப்ரீ, பேட் கம்பெனி குழுக்களின் பெரிய பாடகர். 2008-ல் புதிய பாட்டுகளோடு ஓர் ஆல்பமும் போட்டார்கள். பெரிதாக ஓடவில்லை. ராட்ஜர்ஸின் குரல் மண் வாசனைக் குரல், குயினின் பாட்டுகளோ சரிகை வேட்டி. இரண்டும் ஒட்டவில்லை என்பது என் காதின் தீர்ப்பு. 2009-ல் பிரிந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த ஆடம் லாம்பர்ட் ஒரு டிவி பாட்டுப் போட்டியில் இரண்டாம் இடம் வாங்கியவர். அவரோடு மேயும் டெய்லரும் புதுப்பாட்டு ஆல்பம் எதுவும் போடவில்லை. ஆனாலும் பத்து வருஷத்துக்கு மேலாக மைதானம் மைதானமாக நிறைகிறது. எப்படி? போஸ்டரைப் பார்த்தால் புரியும். குயின், அடுத்து ஒரு கூட்டல் குறி, அடுத்து ஆடம் லாம்பர்ட். அந்தக் கூட்டல் குறி ஒரு பெரிய தந்திரம், மரியாதையும்கூட. இவர் அவர் இடத்துக்கு வரவில்லை, பக்கத்தில் வந்திருக்கிறார் என்று டிக்கெட் வாங்கும்போதே சொல்லிவிடுகிறார்கள். மேடையிலும் லாம்பர்ட் மெர்குரியைப் பெயர் சொல்லி வணங்கிவிட்டே பாடுகிறார். கோயிலில் மூலவர் உள்ளே இருக்க, வீதிக்கு உற்சவர் வருவது நமக்குத் தெரியாததா?

கூட்டல் குறி போடாமல், அச்சு அசலாக அதே குரலைத் தேடிப் போன குழுக்களும் உண்டு. ஜர்னியின் ஸ்டீவ் பெர்ரி விலகியபின் இரண்டு பேரை வைத்துப் பார்த்தார்கள். 2007-ல் கிட்டார் வாசிப்பவர் நீல் ஷோன் யூடியூபில் மணிலாவைச் சேர்ந்த ஆர்னெல் பினெடா பாடுவதைப் பார்த்தார். பினெடா சிறுவயதில் தாயை இழந்து தெருவில் படுத்தவர், பிறகு ஹோட்டல் மேடைகளில் மற்றவர்கள் பாட்டைப் பாடியே பிழைத்தவர். எங்கள் தொழில்தான். ஜூடாஸ் பிரீஸ்ட்டும் 1996-ல் அப்படித்தான், தங்கள் பாட்டையே பாடிவந்த ஓர் அமெரிக்கச் சின்னக் குழுவிலிருந்து டிம் ஓவன்ஸை எடுத்தார்கள். ஓவன்ஸ் ஒரு சுருதிகூடப் பிசகாமல் பாடினார். 2003-ல் ஹால்ஃபோர்ட் திரும்பி வந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பினெடா இன்னும் இருக்கிறார், பெர்ரி திரும்பி வராததும் ஒரு காரணம். 2017-ல் ஜர்னிக்கு ஒரு பெரிய கௌரவம் கொடுத்த மேடைக்குப் பெர்ரி வந்தார், பினெடாவை மனதாரப் பாராட்டிப் பேசினார், ஆனால் பாடவில்லை. பழைய பாடகர் அரங்கத்தில் இருக்க, புதியவர் பாடினார். அந்தப் பாட்டைப் பாடும்போது பினெடாவின் வயிற்றில் என்ன பிசைந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதே மாதிரி ஓர் இரவை நான் கீபோர்டுக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன்.

எங்கள் குழுவில் இருபது வருஷத்துக்கு மேல் எஸ்.பி.பி. குரல் ஒரே ஆள்தான். தொண்டையில் ஏதோ முடிச்சு என்று டாக்டர் கத்தக்கூடாது என்றுவிட்டார். அருவங்காட்டிலிருந்து ஒரு பையனைப் பிடித்தோம், சர்ச் கொயரில் பாடுபவன். முதல் நிகழ்ச்சி ஒரு மாரியம்மன் திருவிழாவில். பனி இறங்கித் தபலாத் தோல் தொய்ந்துபோய், ஹேர் டிரையரைக் காட்டிக் காட்டி இறுக்கிக்கொண்டிருந்தோம். கிட்டார்க் கம்பி நேர்மாறாகக் குளிரில் இறுகிச் சுருதி ஏறிவிடும். இந்த ஊரில் கச்சேரி என்றால் முதல் சண்டை வானத்தோடுதான். பையன் என்னிடம் வந்து, "அண்ணா, அவரு பாடற ஸ்கேல்லயே போட்டுடுங்க, எனக்காகக் குறைக்க வேண்டாம்" என்றான். அவனுக்கு அரைக் கட்டை இறங்கியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். "தம்பி, டிரான்ஸ்போஸ் பட்டன் எதுக்கு இருக்கு? உன் தொண்டைக்குத்தான் இன்னிக்கு வாசிக்கிறோம்" என்றேன். கேட்கவில்லை. அவர் ஸ்கேலிலேயே பாடினான். சரணத்தின் உச்சியில் குரல் பிளந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர் பழைய பாடகரின் பெயரைச் சொல்லி, "அவரைக் கூப்பிடுங்கப்பா" என்று கத்தினார். பழையவர் முன்வரிசையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலையைத் தூக்கவே இல்லை.

ஸ்கேல் சமாசாரம் சின்ன விஷயமில்லை. அயர்ன் மெய்டனில் 1993-ல் டிக்கின்சன் போய், 1994-ல் பிளேஸ் பெய்லி வந்தபோது நடந்ததும் இதுதான். பெய்லி கனத்த, தாழ்ந்த குரல்காரர். அவருக்காக எழுதிய பாட்டுகளில் நன்றாகவே பாடினார். டிக்கின்சனின் உச்சஸ்தாயிப் பாட்டுகள் மேடையில் அவரை வதைத்தன. ஐந்து வருஷத்தில் முடிந்தது, 1999-ல் டிக்கின்சன் திரும்பினார். 2007 மார்ச்சில் அவர்கள் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்தபோது எங்கள் பக்கத்திலிருந்து ஒரு கூட்டமே கூடலூர் வழியாகப் பஸ் ஏறிப் போனது. அப்போது பந்திப்பூரில் இரவுப் போக்குவரத்துத் தடை வரவில்லை. அந்த மேடையில் பெய்லி நின்றிருந்தால் அத்தனை பேர் போயிருப்பார்களா? மாட்டார்கள். பெய்லியின் குறையா? அவரைத் தேர்ந்தெடுத்தவர்களின் கணக்குப் பிசகு என்பேன்.

இன்னொரு வழி, குரலைப் பங்கு போடுவது. ஆலிஸ் இன் செயின்ஸின் லேன் ஸ்டேலி 2002-ல் இறந்தார். அந்தக் குழுவின் ஒலி ஆரம்பத்திலிருந்தே இரட்டைக் குரல். ஸ்டேலியோடு கிட்டார் வாசிக்கும் ஜெரி கான்ட்ரலும் சேர்ந்து பாடுவார். ஆகவே வில்லியம் டுவால் வந்தபோது பாதி வீடு இடியாமல் நின்றது, மீதியைக் கட்டினால் போதும். டெல்லியின் இந்தியன் ஓஷன் குழுவிலும் அப்படி ஒன்று நடந்தது. அஷீம் சக்ரவர்த்தி சம்மணம் போட்டு உட்கார்ந்து தபலா வாசித்துக்கொண்டே பாடுவார், கை ஒரு தாளத்தில் போக, தொண்டை வேறொரு பாதையில் போகும். 2009 டிசம்பர் 25 அன்று மாரடைப்பின் பாதிப்பிலிருந்து மீளாமல் இறந்தார். அவருக்குப் பதிலாக ஒருவரைத் தேடவில்லை. தபலாவுக்குத் துஹீன் சக்ரவர்த்தி, குரலுக்கு ஹிமான்ஷு ஜோஷி என்று இரண்டு பேரை எடுத்தார்கள். ஒருவர் செய்ததை இன்னொருவரால் செய்ய முடியாது என்று ஒப்புக்கொண்ட, நான் பார்த்ததிலேயே நேர்மையான ஏற்பாடு அது.

இனி அண்ணன் மகன் கேட்ட கேள்வி: பெயரை விட்டுவிட்டால் என்ன?

விட்டவர்கள் உண்டு. ஜாய் டிவிஷன் பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே 18-ல் இறந்ததும் மற்றவர்கள் நியூ ஆர்டர் என்று பெயர் மாற்றிக்கொண்டு புதிதாக ஆரம்பித்தார்கள். ஆனால் அப்போது அவர்களிடம் ஓர் ஆல்பம் வெளிவந்து, அடுத்தது தயாராக இருந்தது, அவ்வளவே. இருபது முப்பது வருஷம் ஓடிய குழுவுக்குப் பெயர் என்பது வெறும் பெயர் இல்லை. அதன் பேரில்தான் ஒப்பந்தம், டூர் லாரி, ஒலிப் பொறியாளரின் சம்பளம், டி-ஷர்ட் விற்பனை எல்லாம். இன்றைக்கு ஆல்பம் விற்று யாரும் பெரிதாகச் சம்பாதிப்பதில்லை, காசு மேடையில். அறிமுகமில்லாத பெயருக்கு மைதானம் கொடுக்க எந்த ஏற்பாட்டாளரும் துணிய மாட்டார்.

பெயர் யாருக்குச் சொந்தம் என்பதை நீதிமன்றம் தீர்த்த கதையும் இருக்கிறது. 1980-ல், டீப் பர்ப்பிள் கலைந்திருந்த நேரம் பார்த்து, மேலே சொன்ன அந்த ராட் எவன்ஸ் வேறு சிலரைச் சேர்த்துக்கொண்டு அமெரிக்காவில் டீப் பர்ப்பிள் என்ற பெயரிலேயே நிகழ்ச்சி நடத்தினார். அவர்தான் குழுவின் முதல் பாடகர், முதல் மூன்று ஆல்பத்தின் குரல். ரசிகர்கள் கொதித்தார்கள். வழக்கில் தோற்று 6,72,000 டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பானது. அதாவது ரசிகர்களுக்கும் சட்டத்துக்கும் நிஜமான முதல் பாடகரே போலியாகிவிட்டார். 'அசல்' என்ற சொல்லை இதைவிடக் கேலி செய்ய முடியாது.

கடைசியாக, ஆளே வேண்டாம் என்கிற வழி இப்போது வந்திருக்கிறது. 2024 ஜனவரியில் ஏ.ஆர்.ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவு மூலம் ஒரு சினிமாப் பாட்டில் கொண்டுவந்தார், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்து. அதே வருஷம் மறைந்த பவதாரிணியின் குரலும் இன்னொரு பாட்டில் அப்படி வந்தது. கேட்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் ஒரு ராக் குழு இதைச் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் குரல் மூச்சு வாங்காது, பிளக்காது, பின்வரிசைக்காரன் கத்தினால் திரும்பிப் பார்க்காது. 2017 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸில் பென்னிங்டன் நினைவு நிகழ்ச்சியில் லிங்கின் பார்க் ஒரு பாட்டைப் பாடகர் இல்லாமலே வாசித்தது. நடுவில் மைக் ஸ்டாண்ட், அதன்மேல் ஒற்றை விளக்கு, பாடியது கூட்டம். அன்றைக்கு ஒலிபெருக்கியில் பென்னிங்டனின் குரலை ஓடவிட்டிருந்தால் அவ்வளவு பேர் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

ஆம்ஸ்ட்ராங் சேர்ந்தபின் 2024 நவம்பர் 15-ல் புதிய ஆல்பம் வந்தது. பூஜ்யத்திலிருந்து என்று பொருள்படும் பெயர், அந்தப் பழைய ஸீரோவையும் சேர்த்து நினைவுபடுத்துகிற பெயர். அண்ணன் மகன் ஒரு மாதம் கேட்க மாட்டேன் என்று அடம்பிடித்தான். பொங்கல் லீவுக்கு மேலே வந்தபோது அவன் ஹெட்போனில் எது ஓடுகிறது என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அந்த லீவில் வெலிங்டனில் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கு அவனையும் கூட்டிப்போனேன், ஒயர் சுருட்ட ஆள் வேண்டுமே. அருவங்காட்டுப் பையன் இப்போது அரைக் கட்டை இறக்கித்தான் பாடுகிறான். டிரான்ஸ்போஸ் பட்டனை அவனே வந்து அழுத்திவிட்டுப் போகிறான். எஸ்.பி.பி. சிரிக்கும் இடத்தில் இவன் சிரிப்பதில்லை, அந்த இடத்தை வெறுமனே விட்டுவிடுகிறான். விருந்தாளியாக வந்திருந்த பழையவரை மாப்பிள்ளை வீட்டார் கட்டாயப்படுத்தி மேடை ஏற்றினார்கள். ஒரே ஒரு பாட்டு, தாழ்ந்த குரலில், பழைய ஸ்கேலில். மேடை ஓரத்தில் ஐஸ்கிரீம் கப்போடு நின்ற ஒரு சின்னப் பெண் என் அண்ணன் மகனின் சட்டையை இழுத்தாள்.

"அண்ணா, இந்தத் தாத்தா ஏன் அந்த அண்ணனோட பாட்டைப் பாடறாரு?"

அவன் என்னைப் பார்த்தான். நான் அடுத்த பாட்டுக்கு ஸ்கேலை மாற்றிக்கொண்டிருந்தேன்.